எருமையில் மோதாத கார்

மாத்தளை டவுனின் கடைசிக் கடையையும் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. தோளில் ஒரு பை. அதில் சட்டைகளும் சவரச் சாமானும் ஒரு துவாயும். கை மட்டும் அடிக்கடி சட்டைப் பைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பத்து வருஷத்துக்கு மேலாக அங்கே இருந்த சாரதி லைசன் இப்போது இல்லை. அது நான் டிரைவராக இருந்து விட்டுவந்த வீட்டில், ஐயாவின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. தம்புள்ளை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தது. நான் கை காட்டவில்லை. நடந்தால் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். பலாபத்வல வந்தும் அடங்கவில்லை.

அந்த லைசனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கலவரத்தில் தோட்டத்து லைன் காம்பராவில் எங்கள் வீடு எரிந்தபோது பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் அதோடு போயின. அதன் பிறகு பேருவளையில் மீன் கூடை தூக்கினேன், கொட்டாஞ்சேனையில் ஹோட்டல் கோப்பை கழுவினேன், ஹட்டன் பக்கம் தோட்டத்து டிரெக்டரில் ஓடப் பழகினேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. என் போட்டோவை ஒட்டி, இவனுக்கு இன்ன தொழில் தெரியும் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது அந்த ஒன்றைத்தான். செக்பொயின்டில் இறக்கி நிறுத்தும்போது அடையாள அட்டையைப் பார்த்தால் தமிழன் என்று தெரியும். லைசனையும் சேர்த்து நீட்டினால் டிரைவர் என்று தெரியும். டிரைவரை அதிக நேரம் நிற்க வைக்க மாட்டார்கள். எனக்குச் சோறும் அதுதான், துணையும் அதுதான்.

ஐயா நில அளவை உத்தியோகத்தர். பருத்தித்துறைப் பக்கம் பிறந்து, மாத்தளையில் இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவர். வடக்குப் பாதை மூடிக் கிடந்த காலமெல்லாம் அவர் ஊருக்குப் போகவில்லை. பிறகு சண்டை நின்று பாதை திறந்தது. எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள், அவர் மனைவியான அம்மாவும் வேனில் போவோம் என்றுதான் சொன்னார். ஐயா சம்மதிக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வரி குறைத்துக் கார் எடுக்கலாம் என்று பெர்மிட் கிடைத்திருந்தது. சொந்தக் காரில்தான் ஊர் முற்றத்தில் போய் இறங்குவேன் என்று பிடிவாதமாக நின்றார். அதில் நான் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுதும் அரசாங்கக் கந்தோர் ஜீப்பில் பக்கத்து ஸீட்டில் இருந்து போனவர், ஸ்டியரிங்கைப் பிடித்தது கிடையாது. பேக்கரி வேன் ஓட்டிக்கொண்டிருந்த என்னை அதற்காகத்தான் கூப்பிட்டுக்கொண்டார்.

கார் பார்க்க அவரோடு கண்டிக்கு அப்பால் ஒரு விற்பனை முற்றத்துக்குப் போனேன். எல்லாம் ஜப்பானில் ஓடிக் கழித்துக் கப்பலில் வந்த கார்கள். மெழுகு தடவிப் பளபளவென்று நின்றன. விற்பனைக்காரர் டை கட்டியவர், மூன்று பாஷையும் தண்ணீராகப் பேசினார்.

"ஜப்பான்ல ஒரு டீச்சரம்மா மார்க்கட்டுக்கு மட்டும் ஓடின கார் சேர்" என்றார்.

நான் அதுவரை பார்த்த ஜப்பான் வாகனம் ஒவ்வொன்றையும் விற்றவர் இதையேதான் சொன்னார். அந்த நாட்டில் டீச்சரம்மாமாரைத் தவிர வேறு யாரும் வாகனம் ஓட்டுவதில்லை, அவர்களும் மார்க்கட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம்.

அவர் கோப்பை வைக்கும் இடத்தைக் காட்டினார். குடை செருகும் இடத்தைக் காட்டினார். கண்ணாடி தானாக மடங்குவதைக் காட்டினார். கதவைத் திறந்ததும் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னது. அதை ஐயாவுக்கு இரண்டு தரம் கேட்க வைத்தார். கிளச் இல்லை, கியர் தானே மாறும் என்றார். நான் லொறியிலும் வேனிலும் பழகியவன். மலைநாட்டில் வண்டி ஓடுகிறவன் எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவான். பேட்டரி இறங்கினாலும் உருட்டிவிட்டு ஸ்டார்ட் எடுத்துவிடலாம். அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"வழியில நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். "உங்க டிரைவர் பழைய காலத்து ஆள். தம்பி, இது நிக்கவே நிக்காது."

ஐயாவும் சிரித்தார்.  அந்தச் சிரிப்புக்குப் பதிலாக விற்பனைக்காரர் ஒரு வசனம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திராது.

காரை மாத்தளை அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய் நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அம்மாவுக்கு அது போதவில்லை. வஹகோட்டை அந்தோனியாருக்கும் காட்ட வேண்டும் என்றார். நான் வேதக்காரன் என்பதால் என்னையே வழிகாட்டச் சொன்னார். சுவாமியார் பொனட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே தீர்த்தம் தெளித்தார். பொனட்டுக்குள் தீர்த்தம் விழுவதற்கு இடமே இருக்கவில்லை. எஞ்சின் முழுவதையும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி மூடியிருந்தது.

அந்த மூடியிலிருந்துதான் என் வயிற்றெரிச்சல் தொடங்கியது. லொறி நின்றால் கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை வாயில் வைத்து ஊதிப் பூட்டி ஓடியிருக்கிறேன். இந்தக் காரில் வாய் வைத்து ஊத ஒன்றும் இல்லை. கழற்றுவதற்கு ஒரு நட்டும் கண்ணில் படவில்லை. டவுனில் இருந்த கராஜ் மெக்கானிக் பாஸ்மார், நல்ல கைகாரர்கள், மூடியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். இதைத் தொடாதே, கொழும்புக்குக் கொண்டு போ என்றார்கள். ஒரு காரை வாங்கி வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அதைத் தொடாதே என்ற ஒரு வார்த்தையைத்தான் கேட்டேன்.

இரண்டு கிழமையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. விற்பனைக்காரருக்கு டெலிபோன் போட்டோம். பெட்ரோல் சரியில்லை என்றார். வேறு இடத்தில் பெட்ரோல் அடித்தோம், லைட் எரிந்தது. கண்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை வயரால் கொளுவி எதையோ அமுக்கினார், லைட் அணைந்தது. அணைத்ததற்குக் கூலி வாங்கினார். அலவத்துகொடைக்கு வருமுன் மறுபடி எரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், நான் அணைத்துத்தானே தந்தேன், மறுபடி எரிந்தால் அது வேறு வேலை என்றார். பிறகு பின் கண்ணாடி இறங்கி ஏற மறுத்தது. மழைக்காலம். அதற்கு ஒரு சின்ன மோட்டர் வேண்டுமாம், கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தை முழுவதும் தேடி வெள்ளைக் காருக்கு உரியது இல்லை, சிவப்புக் காருக்கு உரியதுதான் இருக்கிறது என்றார்கள். மோட்டருக்கு என்ன நிறம் என்று நான் கேட்டேன்.  ஒரு நாள் சாவி உள்ளே, அம்மாவும் உள்ளே, நான் வெளியே. கதவுகள் எல்லாம் தாமாகப் பூட்டிக்கொண்டன. அம்மா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்ட, அந்த ஜப்பான்காரி அவரோடு பேசிக்கொண்டேயிருந்தாள்.

ஐயா மட்டும் காரை ஒரு குறையும் சொல்ல விடமாட்டார். ஒவ்வொரு காலையும் அந்தக் குரல் ஏதோ சொல்ல, அவர் "ஓம் ஓம்" என்று பதில் சொல்லி ஏறி உட்காருவார்.

ஊருக்குப் புறப்பட்ட நாளன்று மஞ்சள் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எங்காவது காட்டிப் பார்த்துவிட்டுப் போவோமா என்று கேட்டேன். அது எப்பவும் எரியிறதுதானே என்றார் ஐயா. அதுவும் உண்மை. பின் பெட்டி நிறையச் சவர்க்காரம், டோர்ச் பேட்டரி, மாத்தளை மிளகு, கறுவா. ஐயா புது வேட்டி கட்டியிருந்தார். அம்மா அவரை அப்படிப் பார்த்துக் கனகாலம் என்று சொன்னார். நாலந்தா வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு போனது, அதை நான் மறைக்க மாட்டேன், ஓடும்போது அது நல்ல கார். நாவுல டவுனைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் இருந்த லைட் எல்லாம் ஒன்றாக எரிந்தது. எஞ்சின் அணைந்தது. உருண்டு போய் ஓரத்தில் நின்றது. சமதரை. சரிவு ஒன்றும் பக்கத்தில் இல்லை.

நாவுலையில் ஒரு கார் நின்றால் தனியாக நிற்காது. வயலிலிருந்து ஏறி வந்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பின்னால் போய்க் கை வைத்தார்கள், நின்ற வண்டியைத் தள்ளுவது அங்கே வழக்கம். நான் உள்ளே இருந்து கியரை அங்கும் இங்கும் போட்டுப் பார்த்தேன். தள்ளத் தள்ளக் கார் உருண்டது, எஞ்சின் அசையவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் மலைநாட்டு ஆள், பலகையில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"புது வண்டிங்களா? நம்ம லொறிய தள்ளுனா ஸ்டார்ட்டாவுது. இது தள்ளுனா தள்ளுன பக்கம் போவுது, அவ்வளவுதான்" என்றார்.

சிரிப்புக்கு நடுவில் ஒருவர் நாலு சக்கர டிரெக்டரைக் கொண்டுவந்தார். கயிறு கட்டினார். நல்ல மனுஷன். வெங்காயம் ஏற்றப் போக இருந்ததை விட்டுவிட்டு மாத்தளை வரை இழுத்துத் தருவதாகச் சொன்னார். நியூட்ரலில் போட்டால் போதும் என்று டிரெக்டர்காரரும் சொன்னார், கூட்டமும் சொன்னது, எனக்கும் அதுதான் தெரியும். "என்-இல போடு, என்-இல போடு" என்று எழுத்தைக் காட்டிச் சொன்னவர் ஐயாதான். கயிறு கட்டி இழுக்காத வாகனத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. தோட்டத்து லொறி, பஸ், ஆமி டிரக், எல்லாம் கயிற்றில் போகும்.

ஏற்றமும் இறக்கமுமாக முழு வழியும் இழுபட்டு வந்தோம்.  பலாபத்வலைக்குக் கிட்ட வரும்போது எரிந்த எண்ணெய் மணம் வந்தது. டிரெக்டர் புகை என்றார் ஐயா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார் நின்றதற்குக் காரணம் பெட்ரோல் பம்ப். அது சின்ன வேலை என்றார்கள். பம்பை மாற்றியதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. கியரைப் போட்டால் கார் நகரவில்லை. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. கியர்பெட்டி உள்ளே வெந்து போயிருந்தது. இந்தக் கார்களில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றுமாம். எஞ்சின் நிற்க, முன் சக்கரம் தரையில் ஓட இழுத்தால் காய்ந்து எரியுமாம். லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டுமாம். வேறு கியர்பெட்டி போடுவதென்றால் இன்னொரு காரில் பாதியை வாங்குவது மாதிரி.

ஐயா விற்பனைக்காரருக்கு டெலிபோன் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்தில் விற்பனைக்காரர் சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. ஓட்டோ கியர் காரை யாராவது கயிறு கட்டி இழுப்பார்களா சேர், சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். குடை செருகும் இடத்தைக் காட்ட நேரமிருந்த மனுஷனுக்கு அதைச் சொல்ல நேரமிருக்கவில்லை. வழியில் நின்றால் என்ன செய்வது என்று நான் கேட்டபோது சிரித்தவர், இப்போது நாங்கள் கேட்கவில்லை என்றார். ஐயா அவரை "மிஸ்டர்" போட்டு மரியாதையாகப் பேசி, நன்றி சொல்லி டெலிபோனை வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ டிரைவர்தானே. உனக்கு இது தெரியாதோ?"

அடுத்த நாள் இன்ஷூரன்ஸ் ஏஜன்ட் வந்தார். அவருக்கும் டை இருந்தது. அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தார். கியர்பெட்டி தானாகப் பழுதானால் காசு கிடையாது, அக்சிடன்ட் என்றால் கிடைக்கும் என்று விளக்கினார். டிரைவர் பொலிசில் போய் அக்சிடன்ட் என்று என்ட்ரி போட வேண்டும். அதற்கு என் லைசன் கொப்பி தேவை என்று வாங்கிக்கொண்டார்கள். கொப்பி எடுக்கத்தானே என்று நானும் நீட்டினேன். ஏஜன்ட் கொப்பியோடு போனார். லைசன் அலுமாரிக்குள் போனது.

பின்னேரம் ஐயா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அவருடைய மைத்துனரும் நின்றார்.

"தம்பி, நீ பொலிசில போய்ச் சொல்லு. நாவுலைக்கு அங்கால எருமை ஒண்டு குறுக்க வந்தது, பிரேக் பிடிச்சும் அடிபட்டுப் போச்சு எண்டு."

"எந்த எருமைங்க ஐயா?"

"எருமை எண்டா எருமை. உனக்கு அதின்ர பேரும் வேணுமோ?"

மைத்துனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்ட்ரி போட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள், கவனயீனமாக ஓட்டினான் என்று வழக்கு வரும், லைசனில் எழுதுவார்கள், சிலவேளை பறிப்பார்கள். அதைவிட, அந்த நாட்களில் தமிழன் ஒருவனுடைய பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் என்னத்துக்கு ஏறியது என்று யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். ஏறியது என்பது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். சண்டை நின்றிருந்தது உண்மை. நிற்பது நிரந்தரம் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

"ஃபைன் நான் கட்டுவன்" என்றார் ஐயா.

"ஃபைன் நீங்க கட்டலாங்க. பேரு எம்பேருதானுங்களே போகும்."

 ஏஜன்ட் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எருமை மோதியதென்றால் காரில் அடையாளம் வேண்டும். அடையாளம்தான் காரில் இல்லை, ஒரு கீறலும் இல்லை. மைத்துனர் பின்பக்கம் போய்க் குழி தோண்டும் இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். டிரைவருக்குத்தான் எங்கே அடிபடும் என்று தெரியுமாம். அம்மா கதவடியிலிருந்து ஓடி வந்தார்.

"திருநீறு பூசின காருக்கு அலவாங்கால அடிக்கிறதோ? உங்களுக்கு விசரே?"

நான் அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஐயா அதை எடுத்தார். வாழ்நாளில் அலவாங்கு பிடித்த கை இல்லை அது. முன் பக்கம் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பூப்போல ஒரு தட்டுத் தட்டினார். பெயின்டில் ஒரு பொட்டு உரிந்தது. எங்கள் எல்லோரையும் விட அந்தக் காருக்குத்தான் கோபம் வந்தது. நாலு லைட்டும் மினுங்க, ஊளையிட்டுக் கத்தத் தொடங்கியது. சாவியைத் தேட மைத்துனர் உள்ளே ஓடினார். ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் தலைகள். ஐயா அலவாங்கும் கையுமாக நின்றார். யாரோ ஒரு பெண் சிங்களத்தில் கள்ளனா என்று கேட்டாள்.

சத்தம் நின்ற பிறகு அவர் முகம் வேறாக இருந்தது. அவமானத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும். விற்பனைக்காரர் இருந்தார், ஏஜன்ட் இருந்தார், நான் இருந்தேன். டை கட்டாதவன் நான் ஒருவன்தான்.

"என்ட்ரி போட்டிட்டு வா. வந்து உன்ர லைசனை எடுத்துக்கொண்டு போ."

"இப்பவே குடுங்க ஐயா. அது என்னோடது."

"அப்ப வெந்துபோன கியர்பொக்ஸ் ஆரின்ர?"

நான் பழுதாக்கவில்லை என்று சொல்ல வந்தேன். நீங்கள்தான் எழுத்தைக் காட்டினீர்கள் என்று சொல்ல வந்தேன். அம்மா அவருக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்த சவர்க்காரப் பெட்டிகள் இன்னும் விறாந்தையில் இருந்தன. 

"நான் போறேங்க" என்றேன். பையை எடுத்தேன். அவர் கூப்பிடுவார் என்று வாசல் படலை வரை நினைத்தேன். கூப்பிடவில்லை.

பலாபத்வலைச் சந்தியில் எனக்குப் பழக்கமான ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பேக்கரி வேனில் அங்கேதான் பாண் இறக்குவேன். முதலாளி முழுக்கதையையும் கேட்டார். லைசன் தொலைந்துவிட்டது என்று பொலிசில் எழுதிக் கொடு, அந்தத் துண்டைக் காட்டிப் புதிது எடுக்கலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது தொலையவில்லை, இருக்கும் இடம் எனக்குத் தெரியும். பொய் சொல்லப் பொலிசுக்குப் போவதென்றால் எருமையையே சொல்லியிருக்கலாம், லைசன் கையில் இருந்திருக்கும். அப்படியானால் உண்மையைச் சொல்லலாமே என்றார் முதலாளி. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் என் லைசனைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நான் போய்ச் சொன்னால், அவரைக் கூப்பிட்டுக் கதிரை கொடுத்து, என்னை மர வாங்கில் உட்கார வைத்து, அந்தக் கியர்பெட்டிக்கு என்ன நடந்தது என்றுதான் முதல் கேள்வி வரும். முதலாளி எழுந்தார். கடைக்குப் பின்னால் மாச் சாக்குகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தந்தார்.

காலையில் நாவுலைக்குக் கத்தரிக்காய் ஏற்றப் போகும் பழைய லொறி ஒன்று கடையடியில் நின்றது. அதன் கிளீனர் காய்ச்சலில் வரவில்லை என்று டிரைவர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி என் பக்கம் தலையை ஆட்டினார். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் கேட்டான், மூட்டை தூக்குவாயா என்று. தூக்குவேன் என்றேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பாயா என்று கேட்டான். வைப்பேன் என்றேன். வாகனம் ஓடத் தெரியுமா, வழியில் எனக்குக் கண் சொக்கினால் கொஞ்சத் தூரம் பிடிப்பாயா என்றும் கேட்டான்.

தெரியாது என்றேன்.

அவன் நம்பிவிட்டான். கட்டையைத் தூக்கி என் மடியில் போட்டு, ஏறு என்றான்.